ஜமாபந்தி முடியட்டும், தாயி

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." தமிழ்நாட்டில் அரசு வேலை பார்த்தவர்களில் இந்த மிரட்டலைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தக் காடு எது என்று யாரும் விளக்கியதில்லை. இராமநாதபுரம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். மலையடிவாரம், செண்பகத்தோப்பு, தென்னை, பால்மாடு என்றிருக்கும் எங்கள் ஊரும் 1985 மார்ச் வரை அதே இராமநாதபுரம் மாவட்டம்தான். மேற்கே மலையில் தொடங்கிக் கிழக்கே பாம்பன் கடலில் முடிந்த மாவட்டம் அது. மாவட்டத்துக்குள்தானே மாறுதல் என்று சொல்லிவிடலாம். போய்ச் சேர மூன்று பஸ் மாற வேண்டும்.

1910-இல் வெள்ளைக்காரர்கள் மதுரையிலிருந்து கொஞ்சம், திருநெல்வேலியிலிருந்து கொஞ்சம் என்று வெட்டி அந்த மாவட்டத்தை உண்டாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தாலுகாக்கள். அதுவரை எங்கள் ஊர் குமாஸ்தாவுக்குத் தெற்கே பார்த்து இருந்த விதி, அன்றிலிருந்து வடக்கே திரும்பியது. இராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் இராமநாதபுரத்தில் இல்லை, மதுரையில் இருந்தது. மாவட்டம் பிரியும்வரை, எழுபத்தைந்து வருடம், எங்களை இங்கே வை, அங்கே வை என்று தீர்மானித்த மேசை எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருந்தது. அதனால் மாறுதல் வேண்டும் என்றால் மதுரைக்குப் பயணம். மதுரையில் யாரைத் தெரியும் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் சிபாரிசு.

சிபாரிசு பாரசீகச் சொல். தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, பசலி எல்லாமே அதே மொழியிலிருந்து நவாபு காலத்துக் கச்சேரி வழியாக வந்தவைதான். வரி வாங்கும் முறையும் வரி வாங்குபவரைப் பிடிக்கும் முறையும் ஒரே பெட்டியில் வந்து இறங்கியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். கும்பினி காலத்தில் கலெக்டர் துரைக்குத் தமிழ் தெரியாத இடங்களில் ஹுசூர் சிரஸ்தார்தான் அவருக்குக் காதும் வாயும். அவர் சொல் இல்லாமல் ஒரு குமாஸ்தா உள்ளே நுழைய முடியாது.

வேலைக்கு எடுப்பதில் அந்தப் பிடி தளர்ந்த ஆண்டு 1929. இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக மதராஸில் சர்வீஸ் கமிஷன் வந்தது. பரீட்சை எழுதி, பட்டியலில் பெயர் வந்து, வேலைக்கு வரலாம் என்று ஆயிற்று. அப்படித்தான் எங்கள் தெருவில் யார் தயவும் இல்லாத நானும் குரூப் 4 எழுதி 1979-இல் இளநிலை உதவியாளர் ஆனேன். ஆனால் கமிஷனின் கை அந்த வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே வந்த ஆளை எந்த ஊரில் உட்கார வைப்பது என்பது பழையபடியே அதிகாரியின் மனசில் இருந்தது. வாசலில் இருந்த கூட்டம் உள்ளே நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

என்னைப் போட்டது கிழக்கே ஒரு தாலுகா ஆபீஸில். ஊர் பெயர் வேண்டாம். கரிசல் காடு, மிளகாய், சீமைக் கருவேலம், கண்மாய் வறண்டால் குடத்தோடு நடை. அந்த ஊர் மக்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தங்களுக்கே இல்லாத தண்ணீரில் எனக்கு ஒரு குடம் எடுத்து வைப்பார்கள். "தண்ணியில்லாக் காடு" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில் வேலை, கைக்குழந்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவிடம். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப வேண்டும். பிள்ளை என்னைப் பார்த்து அழுது, பாட்டி இடுப்புக்குத் தாவியது ஒரு நாள். அன்றைக்கு முடிவு செய்தேன்.

1982 மார்ச்சில் விண்ணப்பம் கொடுத்தேன். வெறும் விண்ணப்பமில்லை. உறவினர் ஒருவர் மூலம் பிடித்து, கட்சியில் செல்வாக்கான ஒரு பெரியவரின் கடிதத்தையும் கூடவே வைத்தேன். அதை வாங்க என் வீட்டுக்காரர் நான்கு முறை நடந்திருக்கிறார். கடிதத்தைப் பார்த்ததும் தாசில்தார் முகம் மாறியது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. "நிர்வாக நலன் கருதித் தற்போது விடுவிக்க இயலாத நிலை" என்று எழுதி மேலே அனுப்பினார். ஏ செக்‌ஷனில் அதன்மேல் இன்னொரு கோப்பு விழுந்தது, பிறகு இன்னொன்று.

பல வருடம் அவரைக் கெட்டவர் என்றே நினைத்திருந்தேன். நானே தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த மார்ச் மாதம் எனக்குப் புரிந்தது. மார்ச் என்றால் கிஸ்தி வசூல். கணக்கு முடிப்பு. ஆபீஸில் இரண்டு இடம் காலி. இருக்கிற ஒரு ஆளையும் அனுப்புகிறேன் என்று எந்த தாசில்தார் எழுதுவார்? அதற்கு மேல், அவர் வாயைத் திறக்கும் முன்பே வெளியாள் ஒருவரின் கடிதத்தை அவர் மேசையில் வைத்திருந்தேன். 1973-இன் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அப்படி வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதையே தடுக்கின்றன. அவர் நினைத்திருந்தால் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நல்லவர்.

அம்மாவிடம் அழுதேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மார்கழி முழுவதும் விடியுமுன் ஆண்டாள் கோவிலில் நிற்பவள். எங்கள் ஊரில் பிறந்த பெண்ணுக்குத் திருப்பாவை தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, காதில் விழுந்தே வளர்வோம். அம்மா அன்று கேட்டது: "அந்தப் பொண்ணுங்க கண்ணனை எழுப்ப எப்படிப் போனாங்க, சொல்லு பாப்போம்."

பதினாறாம் பாட்டில் வாசல் காப்பவனிடம் நிற்கிறார்கள். பதினேழில் நந்தகோபர், யசோதை, பலராமர். பிறகு மூன்று பாட்டு கண்ணனின் தேவி நப்பின்னைக்கு. நப்பின்னை கதவைத் திறந்த பிறகுதான் கண்ணனிடம் கேட்கவே தொடங்குகிறார்கள். வைணவத்தில் இதற்குப் புருஷகாரம் என்று பெயர். ஜீவனுக்காகப் பெருமாளிடம் தாயார் பரிந்து பேசுவது. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் முதலில் எடுத்துக்கொள்வதே இந்தப் புருஷகாரத்தைத்தான். பரிந்து பேசுகிறவள் இரண்டு பக்கத்துக்கும் நெருக்கமானவளாக இருக்க வேண்டும். கேட்கிறவனின் குற்றமும் அவளுக்குத் தெரிய வேண்டும், கொடுக்கிறவரின் முகக்குறிப்பும் தெரிய வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் உபன்யாசத்தில் இதைச் சொல்லும்போது, தாயார் சமயம் பார்த்துத்தான் பேச்செடுப்பாள் என்பார்கள்.

"நீ வாசக்காரனையும் கேக்கல, நப்பின்னையையும் கேக்கல. தெருவுல போற ஆளைக் கூட்டிட்டுப் போயி கதவை இடிச்சிருக்க" என்றாள் அம்மா. நாற்பது வருடம் அலுவலக நடைமுறை படித்தவர்கள் சொல்லியும் எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

என் மாமனாரும் ஒரு கதை வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலும் கோர்ட்டும் கச்சேரியுமாக வளர்ந்த ஊர். மாவட்டத் தலைமை நீதிமன்றம் இன்றைக்கும் விருதுநகரில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம் பஞ்சுக்கும் நூலுக்கும் எழுந்த ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரின் கடிகாரம் மில் சங்கு. மாமனார் வேறொரு மில்லில் பதிலியாகச் சேர்ந்தவர். நிரந்தர ஆள் வராத அன்றைக்கு மட்டும் வேலை. மேஸ்திரி கை காட்டினால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. பம்பாயில் ஜாபர் என்று இதே ஆளைச் சொல்வார்கள். 1931-இல் விட்லி கமிஷன் அறிக்கை, ஆள் எடுக்கும் அதிகாரம் இந்த ஜாபர்கள் கையில் இருப்பதால் விளையும் கேட்டை எழுதி, அதை எடுத்துவிடச் சொன்னது. சொன்னபடி எல்லா இடத்திலும் உடனே நடந்துவிடவில்லை.

மாமனாருக்குப் புளோரூம். பஞ்சுத் தூசி. இருமல் வந்ததும் வைண்டிங் பக்கம் போக ஆசை. மேஸ்திரியிடம் கேட்கவே இல்லையாம், ஒரு வருடம். வைண்டிங்கில் யார் யார் கலியாணத்துக்கு லீவு போடுகிறார்கள், யார் ஊருக்குப் போகிறார்கள் என்று கவனித்து, ஆள் குறையும் நாட்களில் தன் ஷிப்ட் முடிந்த பிறகும் அங்கே போய் நின்று கை கொடுத்து, வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறார். புது மெஷின் இறங்கி ஆள் தேவைப்பட்ட வாரத்தில்தான் வாயைத் திறந்தார். மேஸ்திரி அன்றைக்கே மேனேஜரிடம் அழைத்துப் போனார். "அவருக்கும் அன்னைக்கு ஆள் வேணும்லம்மா" என்பார் மாமனார். கேட்கிறவனுடைய தேவையும் கொடுக்கிறவனுடைய தேவையும் ஒரே வாரத்தில் சந்திக்க வேண்டும் என்பதை அந்த மனிதர் படிக்காமலே கண்டுபிடித்திருந்தார். இருமல் மட்டும் கடைசிவரை போகவில்லை.

எங்கள் ஆபீஸில் எனக்கு நப்பின்னையாக வந்தவர் ஹெட் கிளார்க். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், பெரிய மீசை, எங்களையெல்லாம் தாயி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். 1984 மே மாதம் மறுபடியும் விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கூட எந்தக் கடிதமும் இல்லை. படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பக் குடுக்காத. ஜமாபந்தி முடியட்டும், தாயி."

வருவாய்த் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஜமாபந்தி என்றால் மனு கொடுக்கும் நாள் என்றுதான் தெரியும். எங்களுக்கு அது வருடப் பரீட்சை. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். அது முடிகிற சமயத்தில் ஒவ்வொரு கிராமத்துக் கணக்கும், அடங்கலும் சிட்டாவும் வசூல் பதிவேடும், அதிகாரி முன்னால் விரித்து வைக்கப்படும். 1980 நவம்பர் 14-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் நீக்கியிருந்தது. அதுவரை கர்ணத்துக்கு மாறுதல் என்ற சொல்லே கிடையாது. தாத்தா எழுதிய கணக்கைப் பேரன் எழுதுவார். அவர்கள் இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் புதியவர்கள். கணக்கு எழுதத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடங்களில் ஜமாபந்திக்கு முந்திய ஒரு மாதம், தாலுகா ஆபீஸில் எங்களுக்கு ராத்திரி சாப்பாடு மேசையிலேயேதான்.

அண்ணாச்சி கணக்கு வேறு. ஜமாபந்தி வேலையை நான் எப்படிச் செய்கிறேன் என்று தாசில்தார் பார்க்க வேண்டும். முன்பு இருந்தவர் மாறிப் போய்ப் புதிதாக வந்தவர் அவர். என்னை அவருக்குத் தெரியாது. ஜமாபந்தியில் பத்துக் கிராமக் கணக்கை ஒரு திருத்தமும் இல்லாமல் நான் நிறுத்தினால் அவர் கண்ணில் படுவேன். ஜமாபந்தியின் கடைசியில் வரும் குடிகள் மாநாடு முடிந்து, கலெக்டர் ஆபீஸ் பாராட்டிவிட்டுப் போனபின், மனசு லேசாக இருக்கிற அந்த இரண்டு மூன்று நாளில், இந்தப் பெண் போனாலும் அடுத்த ஜமாபந்திக்குப் பதினோரு மாதம் இருக்கிறது என்று அவர் தைரியமாக எழுதலாம்.

இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. "ரொம்பவும் தள்ளிப் போடாத. மாவட்டம் பிரியப் போகுதுங்கிறாங்க. பிரிஞ்சா நீ இந்தப் பக்கம், உங்க ஊரு அந்தப் பக்கம்."

அதன் பொருள் எனக்கு உடனே உறைத்தது. ஒரே மாவட்டத்துக்குள் மாறினால் சீனியாரிட்டி கூடவே வரும். மாவட்டம் விட்டு மாவட்டம் போனால் அங்கே கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். ஐந்து வருட சர்வீஸ் கரைந்துவிடும். நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே மாவட்டத்தில் உள்ள இரண்டு ஊருக்கு நடுவே ஒரு நாற்காலி மாற்றம். நடுவில் ஒரு கோடு விழுந்தால் அதுவே வேறு மாவட்டம்.

அவர் சொன்னபடியே செய்தேன். மதுரையிலிருந்து ஆர்டர் செப்டம்பரில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் பதவி உயர்வில் போக, அந்த இடம். பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கும். அக்டோபர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி சுடப்பட்டார். டிசம்பர் 24-இல் பாராளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல். தேர்தல் வேலையில் இருக்கும் தாலுகா ஆபீஸிலிருந்து யாரை யார் விடுவிப்பார்கள்? 1985 மார்ச் 15-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. எங்கள் பக்கம் காமராசர் மாவட்டம் ஆகி, விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் வந்தது. இன்று அது விருதுநகர் மாவட்டம். ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் திறந்திருந்த ஒரு சன்னலில் நான் புகுந்து வந்திருக்கிறேன். "பிள்ளை ஸ்கூல் சேரட்டும், அப்புறம் கேக்கலாம்" என்று இருந்த என் தோழி ஒருத்தி ஊர் திரும்ப ஒன்பது வருடம் ஆயிற்று. வந்தபோது தன்னைவிட ஐந்து வயது இளையவருக்குக் கீழே உட்கார்ந்தாள்.

பால்கோவா பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர் சிபாரிசின் வரலாற்றில் அதற்குப் பங்கு உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு எத்தனையோ காலம் முன்பே, மதுரைக்குக் காரியமாகப் போகிறவர் கையில் அது இருக்கும். ஆர்டர் வருவதற்கு முன் ஒரு கிலோ கொண்டுபோனால் அது என்ன என்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். நான் அண்ணாச்சிக்குக் கொண்டுபோனது விடுவிப்பு ஆணையில் கையெழுத்து விழுந்த பின், சாயங்காலம். அப்போதும் அரைக் கிலோ போதும் என்று பாதியைப் பியூன்களுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் 2014-இல் தாசில்தாராக ஓய்வு பெற்றேன். என் மேசைக்கு வந்த மாறுதல் விண்ணப்பங்களில் பெரிய மனிதர்களின் கடிதங்கள் கடைசிவரை வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றில் அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. என்ன வேலை தெரியும், எந்தக் கணக்கைச் சரி செய்தார் என்று எழுத அவர்களுக்குத் தெரியாது. ஒருவரைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர், அவர் போனால் நஷ்டப்படப் போகிறவர்தான். நஷ்டப்படுகிறவர் மனசு வந்து எழுத வேண்டுமானால் அந்த நஷ்டத்தை அவர் தாங்கக்கூடிய மாதமாக இருக்க வேண்டும். அதனால் என்னிடம் ஏப்ரலில் வந்த பிள்ளைகளிடம் நானும் அண்ணாச்சி சொன்னதையே சொன்னேன். நானாகவே தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஜூலையில் கூப்பிட்டுக் கேட்பேன். மறந்துவிடக் கூடாது என்று பயம்.

இப்போது ஆசிரியர்களுக்குக் கலந்தாய்வு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி நரிக்குடிப் பக்கம் பள்ளியில் வேலை பார்த்தாள். காலியிடம் எல்லாம் திரையில் தெரிந்தது, தன் முறை வந்ததும் ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். அவள் வீட்டுக்காரர் யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. நான்கு முறை நடந்த என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். எல்லாத் துறைக்கும் இது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மாறுதலுக்கென்று குடிமைப்பணி வாரியம் வேண்டும், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுக்கு ஆடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் சொன்னபோது, ஓய்வு பெற எனக்குச் சில மாதம் இருந்தது. தீர்ப்புச் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டேன்.

அந்த வெட்டுத்துண்டு இருக்கிற தகரப் பெட்டியில்தான் எனக்காகத் தாசில்தார் எழுதிய 1984-ஆம் ஆண்டுக் கடிதத்தின் நகலும் இருக்கிறது. மேலே அரசு முத்திரைக் கோபுரம். எங்கள் ஊர்க் கோபுரம் என்றே நாங்கள் சொல்லி வளர்ந்தோம், மதுரை மேலக் கோபுரம் என்பாரும் உண்டு. கீழே மூன்று வரி. இவர் பசலி 1393 ஜமாபந்திக் கணக்குகளைப் பிழையின்றி முடித்துக் கொடுத்துள்ளார். இவரை விடுவிப்பதில் இவ்வலுவலகத்துக்குச் சிரமம் உண்டு. எனினும் பரிந்துரைக்கப்படுகிறது. பச்சை மையில் கையெழுத்து. தேதி 2.7.1984, திங்கட்கிழமை. புதுப் பசலியின் முதல் வேலை நாள்.